வயலோரச் சம்புக்குள் மூன்று குட்டிகள்: சிறுத்தையா, பூனையா?

வீரையடி | ஒட்டுசுட்டான்

வணக்கம். அவசரம், அதனால் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வயலில் இன்று காலபோக அறுவடை. வயலின் அடிப்பக்கம் ஒரு சின்னக் குளத்தின் அலைகரையில், அதாவது மாரியில் நீர் ஏறும் கரைச்சரிவில், முடிகிறது. அந்த மூலையில் சம்பும் கோரையும் ஆளுயரத்துக்கு நிற்கும். அறுவடை இயந்திரம் ஓட்டிய தம்பி கடைசிச் சுற்றில் ஏதோ அசைவதைக் கண்டு நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் மூன்று குட்டிகள். கண் திறந்திருக்கிறது. உடம்பு முழுவதும் கரும்புள்ளி. தாயைக் காணவில்லை.

சற்று நேரத்தில் வரம்பு நிறையச் சனம். "சிறுத்தைக் குட்டி, தாய் பற்றைக்குள்தான் படுத்திருக்கும்" என்று ஒருவர் சொல்ல, இருவர் கொட்டனோடு வந்துவிட்டார்கள். கிளிநொச்சி அம்பாள்குளத்தில் 2018இல் சனம் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்றதை எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் குளத்தில் எறியச் சொன்னார். இன்னொருவர் தனக்கு ஒன்றைத் தரச் சொன்னார், வளர்க்கப் போகிறாராம். மூன்றையும் கடதாசிப் பெட்டி ஒன்றில் வைத்து, இயந்திரத்தின் நிழலில் காவல் இருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். இது என்ன? நான் என்ன செய்ய வேண்டும்?

கருங்காலி | முள்ளியவளை

தம்பி, முதலில் கொட்டன்காரரை வீட்டுக்கு அனுப்பும்.

படம் மங்கல். சிலவற்றைப் பார்த்துச் சொல்லும். வால் உடம்பில் எவ்வளவு? புள்ளிகள் தனித்தனியாக வரிசையில் ஓடுகின்றனவா, அல்லது கூட்டம் கூட்டமாக நெருங்கிக் கிடக்கின்றனவா? நெற்றியிலிருந்து பிடரிக்குக் கோடு ஏதும் உண்டா? கையில் தூக்க வேண்டாம், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாலே போதும்.

வீரையடி | ஒட்டுசுட்டான்

வால் குட்டை, மொத்தம். உடம்பின் அரைவாசிக்குக் கூட வராது. புள்ளிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. நெற்றியில் ஆறோ ஏழோ கறுப்புக் கோடுகள், பின்னால் கழுத்துவரை போகின்றன. நிறம் மஞ்சள் இல்லை ஐயா, சேறு காய்ந்த சாம்பல். காதின் பின்பக்கம் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பொட்டு.

கருங்காலி | முள்ளியவளை

மீன்பிடிப் பூனை. காதுப் பொட்டு சிறுத்தைக்கும் உண்டு, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் குட்டை வாலும், வரிசைப் புள்ளியும், நெற்றிக் கோடும், சம்புப் பற்றையும் ஒன்றாகச் சேர்ந்தால் வேறு விலங்கு இல்லை. வளர்ந்த பின் முன்னங்காலைப் பார்த்தால் விரல்களுக்கு இடையில் பாதி அளவுக்குத் தோல் இருக்கும். நகமும் முழுதாக உள்ளே மடங்காது, நுனி வெளியே தெரியும்.

இலங்கையில் உள்ள பூனைக் குடும்பத்து விலங்குகள் நான்குதான். நான்கும் வன்னியில் இருக்கின்றன. சிறுத்தையை எல்லாருக்கும் தெரியும். மற்ற மூன்றையும் நாங்கள் ஒரே பெயரில் காட்டுப்பூனை என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையான காட்டுப்பூனைக்கு வளர்ந்த பின் உடம்பில் புள்ளி கிடையாது. மணல் நிறம், நெடிய கால், காது நுனியில் சிறு கறுப்புக் குஞ்சம், வால் நுனிக்கு அருகில் கறுப்பு வளையங்கள். பகலிலும் நடமாடும், அதனால்தான் வயல் வரம்பில் அதை அதிகம் காண்கிறோம். துரும்பன் பூனை மூன்றிலும் சிறியது. முழு வளர்ச்சியில் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. சாம்பல் உடம்பில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள். இரவில் மரத்தில் திரியும். உலகத்துக் காட்டுப் பூனைகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று எங்கள் பாலை மரத்தில் இருக்கிறது, எங்களில் பாதிப் பேர் அதைக் கண்டதே இல்லை.

மீன்பிடிப் பூனை வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு. கடுவன் 16 கிலோ வரை வரும். உடம்பு தடித்து, கால் குட்டையாக இருப்பதால் இருட்டில் ரோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பவர் சிறுத்தை என்றுதான் சொல்வார்.

தும்பை | வவுனியா

நான் மிருக வைத்தியர். ஐயா சொன்ன அடையாளம் சரி. இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தயவுசெய்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காயம் இல்லையென்றால் குட்டிகளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் தாய் ஒதுங்கியிருக்கும், தொலைவுக்குப் போயிருக்காது. சனமும் நாயும் அந்தப் பக்கம் நிற்கும்வரை அது வராது. பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். எனவே சம்பு மூலையை மட்டும் அறுக்காமல் விடுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, அதே இடத்தில் வைத்துவிட்டு எல்லாரும் போய்விடுங்கள்.

பசுப்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றோட்டத்தில் குட்டி செத்துவிடும். குளிப்பாட்ட வேண்டாம். யாரையாவது கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நோய் விடயத்தில் விளையாட்டு இல்லை.

வளர்க்கக் கேட்டவருக்கு: வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. இந்தப் பூனையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். விடிந்த பிறகும் தாய் எடுக்காமல் இருந்தால் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர அழைப்பு.

கூழாம்பழம் | விசுவமடு

மீன்பிடிப் பூனையோ மீன் விற்கிற பூனையோ, என் கோழியைப் பிடிக்கிற பூனை. போன மாதம் அடை வைத்த பேடு ஒன்றும் விடலைகளும் ஒரே கிழமையில் போய்விட்டன. வாழ்வாதாரக் கடன் எடுத்துப் போட்ட கூடு அது. கடனைப் பூனை கட்டுமா? குட்டியைத் திரும்ப வைக்கச் சொல்கிறவர்கள், அது வளர்ந்து யாருடைய வளவுக்குள் வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கருங்காலி | முள்ளியவளை

பிள்ளை, எப்படிப் போயின? உடல் கிடந்ததா, அடையாளம் ஏதும் உண்டா?

கூழாம்பழம் | விசுவமடு

பேடு கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது, தலை இல்லை. விடலைகளில் இரண்டு கழுத்தில் கடிபட்டு அப்படியே கிடந்தன. மற்றவை இல்லை. கூரைத் தகரத்தின் ஒரு மூலை தூக்கியிருந்தது.

தும்பை | வவுனியா

அக்கா, கூரையால் இறங்கி, ஒரே இரவில் பலவற்றைக் கடித்துப் போட்டு, தலையை மட்டும் தின்பது பெரும்பாலும் மரநாயின் வேலை. பகலில் நடந்திருந்தால் கீரியைச் சந்தேகிப்பேன். முழுக் கோழி அடையாளமே இல்லாமல் மறைந்தால் வெங்கிணாந்தியும் (மலைப்பாம்பு) பட்டியலில் உண்டு. மீன்பிடிப் பூனை கோழி பிடிப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, பிடிக்கும். ஆனால் அது ஒன்றைக் கவ்விக்கொண்டு போகிற விலங்கு. அதன் முதல் உணவு மீன்தான். அடுத்தது எலி, தவளை, நண்டு, நீர்ப்பறவை. குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை உங்கள் கூடுவரை நடந்து வர அதற்குப் பெரிய தேவை இல்லை.

நாவலடியான் | ரொறன்ரோ

வாசிக்க வாசிக்க ஊர் மணக்கிறது. நான் புதுக்குடியிருப்பில் இருந்த காலத்தில் இவற்றை யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. கண்டால் ஒரு கல், அவ்வளவுதான். இப்போது கனடாவில் ஒரு அணில் அடிபட்டாலும் ஆள் வருகிறது.

ஒரு சந்தேகம். இணையத்தில் தேடிப் பார்த்தேன். மீன்பிடிப் பூனை 2008இல் அருகிய இனமாக இருந்து, 2016இல் ஒரு படி இறங்கி அழிவாய்ப்பு இனம் ஆகியிருக்கிறது. ஆபத்து குறைந்துவிட்டது என்பதுதானே அதன் அர்த்தம்? காட்டுப்பூனையைப் பற்றியோ கவலை குறைந்த இனம் என்றே எழுதியிருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு பதற்றம்?

தும்பை | வவுனியா

நல்ல கேள்வி, ஆனால் முடிவு தவறு.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதப்படுவதில்லை. ஓர் இனம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும் அதன் முக்கிய அளவுகோல்களில் ஒன்று. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் பாதிக்கு மேல் குறைந்தால் அருகிய இனம். 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அழிவாய்ப்பு இனம். மீன்பிடிப் பூனை இரண்டாவது படிக்கு வந்தது எண்ணிக்கை பெருகியதால் அல்ல. வீழ்ச்சியின் வேகத்தைப் புதிய தரவுகளோடு மீண்டும் கணித்ததால். இன்றும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது, அது உலகக் கணக்கு. இலங்கைக்குத் தனிப் பட்டியல் உண்டு. சுற்றாடல் அமைச்சு 2012இல் வெளியிட்ட தேசியச் சிவப்புப் பட்டியலில் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, துரும்பன் பூனை மூன்றும் அருகிய இனங்கள். காட்டுப்பூனைகூட அங்கே அச்சுறுத்தலை அண்மித்த இனம்தான். எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை பரந்து கிடப்பதால் உலகப் பட்டியலில் காட்டுப்பூனைக்குக் கவலை குறைவு. நைல் நதிக் கரையில் அது நன்றாக இருப்பதால் இரணைமடுவில் உள்ள பூனைக்கு என்ன நன்மை? கடல் தாண்டி வந்து இங்குள்ள இடத்தை நிரப்பப் போகிறதா?

துரும்பன் பூனை இன்னும் இறுக்கமான நிலை. அது இந்தியா, நேபாளம், இலங்கை தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

சாரல் | தென்காசி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். துரும்பன் பூனைக்கு 1831இல் அறிவியல் பெயர் வைத்தபோது கையில் இருந்த மாதிரி புதுச்சேரியிலிருந்து போனது. எங்கள் பக்கம் மலையடிவாரத்துத் தோப்புகளிலும் உண்டு. ஓட்டு வீட்டுப் பரணில் குட்டி போட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மீன்பிடிப் பூனையை நான் நேரில் பார்த்ததில்லை, மேற்கு வங்கத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அது மாநில விலங்கு. உங்கள் குளத்தங்கரையில் சாதாரணமாக நடமாடுகிறது என்பதைப் படிக்கையில் பொறாமையாக இருக்கிறது.

வீரையடி | ஒட்டுசுட்டான்

எல்லாருக்கும் நன்றி. டொக்டர் சொன்னபடி பெட்டியைத் திறந்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். சம்பு மூலையை அறுக்கவில்லை. இயந்திரக்காரத் தம்பி அந்த மூலைக்கான கூலியைக் குறைத்துக்கொண்டது இன்னொரு நல்ல விடயம்.

சனத்தை அனுப்புவதுதான் பெரும்பாடு. கடைசியில் என் அம்மா வந்து, "சிறுத்தை என்றால் இவ்வளவு நேரம் உங்களை விட்டு வைத்திருக்குமா, போய் வேலையைப் பாருங்கள்" என்றார். போய்விட்டார்கள். நாய்களை என்ன செய்வது? அயலில் எல்லா வீட்டிலும் நாய், ஒன்றும் கட்டியிருப்பதில்லை.

தும்பை | வவுனியா

உங்கள் நாயைக் கட்டுங்கள், அயலவரிடம் ஓர் இரவுக்கு மட்டும் கேளுங்கள். நாய்தான் இந்தக் குட்டிகளுக்கு முதல் எமன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு காட்டோரக் கிராமங்களில் அவிழ்த்துவிட்ட நாய்கள் பெருகியிருக்கின்றன. அவை கடித்துக் கொல்வது ஒரு பக்கம், நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னொரு பக்கம்.

மாங்குளத்தான் | மாங்குளம்

ஏ9இல் வான் ஓட்டுகிறேன். வீதி போட்ட பிறகு எல்லாரும் பறக்கிறார்கள். விடியற்புறம் முறிகண்டிக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் நசுங்கிக் கிடப்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதினால் புத்தகமாகும். மரநாய், முயல், நரி, ஆமை, அவ்வப்போது இந்தப் பூனை. பாலங்களுக்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆறும் வாய்க்காலும் வீதியைக் கடக்கிற இடத்தில் அதுவும் கடக்கிறது போலும். அந்த இடங்களில் வேகத்தடை போட ஒரு கடிதம் எழுதலாம் என்று எங்கள் சங்கத்தில் சொன்னேன். சிரித்தார்கள்.

இன்னொன்று கண்ணி. பன்றிக்கு என்று வேலியோரம் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். விலங்கு தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும், கடித்தால் வெடிக்கும் பன்றிவெடியும் இன்னும் ஓயவில்லை. பன்றிக்கு வைத்ததில் பன்றி மட்டும் விழுமா? 2020இல் மலையகத்தில் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கிச் செத்தது. அது பத்திரிகையில் வந்தது, நாடே பேசியது. எங்கள் பக்கத்துக் கண்ணியில் சாகிற பூனையை யார் எழுதப் போகிறார்கள்?

கூழாம்பழம் | விசுவமடு

எல்லாம் சரி. மனதில் உள்ளதை ஒருமுறை கொட்டிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

2009இல் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது என் மாமாவின் மேட்டுக் காணியில் பற்றை வளர்ந்திருந்தது. பற்றை வளர்ந்தால் அது காடாம். ஒரு திணைக்களம் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனது. உறுதியைக் காட்டினோம், பேர்மிட்டைக் காட்டினோம். கல் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு இயற்கை, பாதுகாப்பு, அருகிய இனம் என்று யார் வாயைத் திறந்தாலும் எனக்கு அந்தக் கல்தான் கண்ணில் நிற்கும். பூனைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. காணி இழந்தவர்களுக்கும் சிவப்பில் ஒரு பட்டியல் போடுங்கள், அதிலும் வேகமாகக் குறைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாவலடியான் | ரொறன்ரோ

அரசியலைக் கலக்காமல் விலங்கைப் பற்றி மட்டும் பேசலாமே.

கூழாம்பழம் | விசுவமடு

ரொறன்ரோவிலிருந்து கலக்காமல் பேசலாம் அண்ணை. இங்கே கலந்தே கிடக்கிறது.

மட்டுறுத்துநர்

இழை தலைப்போடுதான் இருக்கிறது, யாரையும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இடம்பெயர்வு அனுபவத்தைக் கிண்டல் செய்யும் பதிவுகள் நீக்கப்படும். ஒன்று ஏற்கனவே நீக்கப்பட்டுவிட்டது.

கருங்காலி | முள்ளியவளை

பிள்ளை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வன்னியில் பாதுகாப்பு என்ற சொல் எல்லைக்கல்லோடு வந்ததால்தான் சனம் பூனையையும் சந்தேகமாகப் பார்க்கிறது. 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதிப் பகுதியும் தேசிய பூங்காக்கள் ஆயின. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சிறுத்தைக்கும் யானைக்கும் பெரிய காடு தேவை. ஆனால் இந்த இழையில் பேசுகிற விலங்குக்குப் பூங்கா மட்டும் போதாது, பல இடங்களில் பூங்காவே தேவையில்லை. அதன் வீடு எங்கள் குளம்.

யோசித்துப் பாருங்கள். வன்னியில் முத்தையன்கட்டு, இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெரிய குளங்கள் ஒரு பக்கம். அவற்றோடு ஊருக்கு ஊர் சிறுகுளங்கள், ஒன்றிலிருந்து வடியும் நீர் அடுத்ததில் விழும்படி தொடராக. ஒவ்வொரு குளத்துக்கும் அணைக்கட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அலைகரை. மாரியில் நீர் ஏறி, கோடையில் இறங்குகிற அந்தச் சரிவில் வீடும் கட்டக்கூடாது, பயிரும் செய்யக்கூடாது என்பது எங்கள் பாட்டன் காலத்து ஒழுங்கு. மருதும் நாணலும் சம்பும் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வண்டலைத் தடுக்கும். அதற்குள்தான் மீன் சினை போடும், நீர்க்கோழி கூடு கட்டும், இந்தப் பூனை குட்டி போடும். ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போக வாய்க்காலோரப் பற்றை அதற்குப் பாதை.

இப்போது என்ன நடக்கிறது? அலைகரையை உழுது தோட்டம் போடுகிறார்கள். களைகொல்லி தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆற்றோரத்தில் மணல் அள்ளுகிறார்கள். இரண்டு மாரி கழிந்தால் குளம் தூர்ந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று அடிபடுகிறோம். யாரும் புதிதாகக் கல் நடத் தேவையில்லை. ஏற்கனவே எங்களுடைய ஒழுங்கில் இருந்த ஒன்றைத் திரும்பப் பிடித்தால் குளமும் மிஞ்சும், பூனையும் மிஞ்சும்.

விராலடி | தண்ணிமுறிப்பு

நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் இருக்கிறேன். வலையைப் பூனை கிழிக்கிறது என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வார்கள். கிழிப்பது பெரும்பாலும் முதலை, சில வேளை நீர்நாய். பூனை கரையில் குந்தியிருந்து, ஆழமில்லாத இடத்தில் கையால் தட்டி எடுக்கும், சில வேளை பாய்ந்து உள்ளே முங்கியும் பிடிக்கும். ஒருமுறை தோணிக்கு அருகிலேயே ஒரு விராலோடு கரையேறியதைக் கண்டேன். எங்களிடமிருந்து அது எடுப்பது ஒன்றுமில்லை. அலைகரையைப் பற்றிக் கருங்காலி மாஸ்டர் சொன்னதை வழிமொழிகிறேன். சம்பு அழிந்த பக்கத்தில் எங்களுக்கும் மீன் இல்லை.

வீரையடி | ஒட்டுசுட்டான்

விடியமுன் போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஒரு குட்டிதான் இருந்தது, மற்ற இரண்டும் இல்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சுற்றிப் பார்த்தால் இரத்தமோ மயிரோ இல்லை. சேற்றில் பெரிய காலடி, நகத்தின் நுனியும் பதிந்திருக்கிறது. சம்புக்குள் போய் வந்த தடம் தெளிவாக இருக்கிறது. மூன்றாவதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சரிதானே?

தும்பை | வவுனியா

மிகச் சரி. தாய் ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும், இடையில் வெளிச்சம் வந்தால் நிறுத்திக்கொள்ளும். நகம் பதிந்திருப்பது நல்ல அடையாளம். சிறுத்தை நடந்தால் நகம் பதியாது. நாயின் அடியிலும் நகம் தெரியும், ஆனால் நீங்கள் சொல்லும் தடம் சம்புக்குள் போய்த் திரும்புகிறது, குட்டியும் கடிபடவில்லை. இன்னும் ஓர் இரவு நாய்களைக் கட்டி வையுங்கள்.

கூழாம்பழம் அக்கா, உங்கள் கூட்டைப் பற்றி. கூரை மூலையை முதலில் அடையுங்கள். தகரத்துக்கு அடியில் கம்பி வலை விரித்து ஆணி அடிக்க வேண்டும், அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகக்கூடாது. சுவரோரம் அதே வலையை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதையுங்கள். கூட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் கிளையை வெட்டுங்கள். மரநாய்க்கு அதுதான் ஏணி. பொழுதுபட முன் கோழிகளை அடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எலிக்கு நஞ்சு வைக்க வேண்டாம். நஞ்சு தின்ற எலியைத் தின்று பூனையும் ஆந்தையும் சாகும், எலி மறுபடி பெருகும்.

கூழாம்பழம் | விசுவமடு

கிளை உண்டு, முருங்கை. வெட்டுகிறேன். வலைக்குக் காசு?

நாவலடியான் | ரொறன்ரோ

வலைக்கான காசை நான் அனுப்புகிறேன் தங்கச்சி. கூரைக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்து தனிமடலில் போடுங்கள். முன்பு சொன்னதை மனதில் வைத்திருக்க வேண்டாம்.

கூழாம்பழம் | விசுவமடு

எனக்கு மட்டும் வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் கூடு வைத்திருக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்குமாக என்றால் அளந்து அனுப்புகிறேன், இல்லையென்றால் விடுங்கள்.

நாவலடியான் | ரொறன்ரோ

எல்லாருக்குமாக அளந்து அனுப்புங்கள்.

மாங்குளத்தான் | மாங்குளம்

கிளிநொச்சியில் வலை வாங்கினால் வானில் ஏற்றி இறக்கித் தருகிறேன், கூலி வேண்டாம்.

வீரையடி | ஒட்டுசுட்டான்

மூன்றாவது குட்டியும் போய்விட்டது. பெட்டியை எடுத்து வந்துவிட்டேன்.

இனி ஐயா சொன்ன விடயம். அடுத்த கிழமை எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, தண்ணீர் எப்படிப் பங்கிடுவது என்று பேசுவார்கள், கமநல சேவை அதிகாரியும் வருவார். அந்தச் சின்னக் குளத்தின் அலைகரையில் இனிமேல் யாரும் உழக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். பூனை என்று தொடங்கினால் சிரிப்பார்கள். குளம் தூர்கிறது என்று தொடங்கலாம்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. அங்கே கச்சான் போட்டிருப்பவர்களில் தலைவரின் மைத்துனரும் ஒருவர்.

கருங்காலி | முள்ளியவளை

உழுபவர் யார் என்பதைக் கூட்டத்தில் எடுக்க வேண்டாம். பழைய நில அளவைப் படத்தில் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் எதுவரை என்பதைக் கேளும். படம் மேசைக்கு வந்தால் மைத்துனர் தானாகவே தெரிவார். இந்தப் போகம் போட்ட கச்சானைக் கிண்ட விடலாம், அடுத்த மாரியிலிருந்து நிறுத்தலாம் என்று சொன்னால் அவருக்கும் இறங்கிவர ஒரு படி இருக்கும்.

விராலடி | தண்ணிமுறிப்பு

எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வருகிறோம். மீன்குஞ்சு விடுகிற குளம் அது, எங்களுக்கும் பேச உரிமை உண்டு.

கூழாம்பழம் | விசுவமடு

படமும் சங்கமும் இருக்கட்டும். தம்பி, நீங்கள் ஒட்டுசுட்டானில் யாருடைய மகன் என்பது, சனத்தைக் கலைத்த கதையைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. உங்கள் அம்மாவும் நானும் செட்டிகுளம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். தண்ணீர் பவுசர் வரிசையில் இடையில் நுழைந்தவர்களை அவர் எப்படி நிறுத்தினார் என்பதை நேரில் பார்த்தவள் நான். கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்வரிசையில் இருத்துங்கள்.